இசக்கியம்மாளின் விரலும் பூனையின் பத்து நாளும்

1. திங்கட்கிழமை போட்ட கட்டு

டிரஸ்ஸர் வேலையில் நான் போட்ட கட்டுகளில் பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது, இசக்கியம்மாளின் வலது கை ஆள்காட்டி விரலில் போட்டதுதான். முப்பத்து நான்கு வருட வேலையில் நான் செய்த பெரிய தப்பும் அதே கட்டுதான். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் பெரிய கேஸ் ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். மரம் விழுந்தது, லாரி கவிழ்ந்தது என்று எதிர்பார்ப்பார்கள். நான் இந்தப் பூனைக்கடியைத்தான் சொல்வேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் காயம் கழுவவும் கட்டுப் போடவும் ஊசி போடவும் பழகிக்கொண்டு, இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரிக்கு டிரஸ்ஸராகப் போனேன். அங்கே இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்தவர்கள். என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. நான் யாரைக் கூப்பிட்டாலும் "ஏனுங்க" என்று தொடங்குவேன். ஒரே வாரத்தில் எனக்கு "ஏனுங்க டெரசரு" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டரும் நானும் மட்டும். டாக்டர் எட்டு மைல் தள்ளிக் கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் எஸ்டேட்டுக்கு வருவார். நான் சொல்லப்போகிற வாரம் கம்பவுண்டரும் லீவில் போயிருந்தார். மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில். எனக்கு அது கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை கதவைத் திறக்கும்போதே இசக்கியம்மாள் வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். அந்த டிவிஷனில் கொழுந்து எடுப்பதில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. இரண்டு கையும் செடிமேல் ஒரே நேரத்தில் ஓடும். அவர் தன் நிரையை, அதாவது தனக்கு விட்ட செடி வரிசையை, முடித்த பிறகும் மற்றவர்கள் பாதியில் நிற்பார்கள்.

"ஏனுங்க டெரசரு, சின்னதா ஒரு கட்டுப் போட்டு விடுங்க. பிரட்டுக்கு நேரமாச்சு" என்றார். காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரித்துக் கொடுப்பதை அங்கே பிரட்டு என்பார்கள்.

"என்னாச்சுங்கக்கா?"

"பூனைதான். நம்ம வீட்டுப் பூனை. குட்டி போட்டிருக்கு. மழைக்கு அடுப்படி ஒழுகுதேன்னு குட்டிய எடுத்து அங்கிட்டு வைக்கப் போனேன். வெடுக்குன்னு பிடிச்சிட்டு."

விரலின் நடு மூட்டில் இரண்டு புள்ளிகள். ஊசியால் குத்தியது போல இருந்தன. ரத்தம்கூட நின்றுவிட்டது. காயம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடைப்பு. மேலே டிஞ்சர் அயோடின். தோளில் ஒரு டி.டி. ஊசி.

"நல்லா இறுக்கிப் போடுங்க தம்பி. கொழுந்துச் சாறு பட்டா காந்தும். நடுவுல அவுந்தா கங்காணி நின்னு கட்டவா விடுவாரு" என்றார்.

இறுக்கிப் போட்டேன். துணியைச் சரிவாகச் சுற்றி, மூட்டில் மடக்கி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, விரல் மடங்குகிற மாதிரியும் தண்ணீர் போகாத மாதிரியும் முடித்தேன். பழகிய ஆஸ்பத்திரியில் இருந்த சிஸ்டர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூணு நாளைக்குப் பிரிக்காதீங்க. நனைக்காதீங்க. வியாழக்கிழமை வந்து காட்டுங்கக்கா."

"வியாழக்கிழமை" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

ஓ.பி. ரெஜிஸ்டரில் "விரலில் சிறு காயம்" என்று எழுதினேன். எது கடித்தது என்று எழுதவில்லை. வீட்டுப் பூனைதானே என்பது என் நினைப்பு.

2. கையைத் தூக்கிக் காட்டியது

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் பக்கமாகப் போனேன். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தூரத்தில் இசக்கியம்மாள். என்னைப் பார்த்தார். வலது கையை மார்புக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். கட்டு அப்படியே இருந்தது, கொஞ்சம் கறை பட்டிருந்தது, அவ்வளவுதான். கட்டு அவிழாமல் இருக்கிறது என்று எனக்குக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். நானும் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

அவர் எனக்குக் காட்டவில்லை. கையைக் கீழே தொங்கவிட்டால் விரல் தெறிக்கிறது, தாங்க முடியவில்லை என்று மேலே தூக்கி வைத்திருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். நாலு எட்டு நடந்து பக்கத்தில் போய்க் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டுக் கோமதி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இசக்கியம்மாளின் முகம் வெளிறிப் போயிருந்தது. உடம்பு கொதித்தது. கட்டுக்கு மேலும் கீழும் விரல் பிதுங்கிக்கொண்டு நின்றது.

"தம்பி, மூணு நாள் முடிஞ்சிட்டு. அவுத்துரலாமா?" என்று கேட்டார்.

கத்திரியால் பிளாஸ்டரை வெட்டினேன். வெட்டின உடனே நாற்றம் அடித்தது. இரண்டு புள்ளி இருந்த இடத்தில் சீழ். விரல் பாதி மடங்கின நிலையில் பளபளவென்று வீங்கி நின்றது. அதை நிமிர்த்தத் தொட்டதும் அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். முன்கையின் உள்பக்கம் ஒரு சிவப்புக் கோடு முழங்கை வரை ஏறியிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது.

"எப்ப இருந்துங்கக்கா வலி?"

"அன்னைக்கு ராத்திரியே பிடிச்சிட்டு."

கோமதி குறுக்கே வந்தார். "அவுத்துருக்கா, அவுத்துருக்கான்னு நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாத்தான."

"பிரிக்காதீங்கன்னு தம்பி சொல்லியிருக்காரே" என்றார் இசக்கியம்மாள். "படிச்ச பிள்ள ஒரு காரியமாத்தான சொல்லும்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காரணம் கேட்டதற்குக் காரணம் சொன்னார். நான் சொன்னதை அப்படியே கேட்டதால்தான் அந்த விரல் இப்படி ஆயிற்று. கேட்காமல் முதல் நாளே அவிழ்த்து எறிந்துவிட்டு வந்து என்னைத் திட்டியிருந்தால் தப்பியிருப்பார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வரும் வரை காத்திருக்கத் தைரியம் இல்லை. எஸ்டேட் ஆபீஸில் போய் ஜீப் கேட்டேன். ஜீப் கிடைக்கவில்லை. தொழிற்சாலைக்குப் போகிற கொழுந்து லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவரிடம் சொல்லி, முன் சீட்டில் அவரை உட்கார வைத்து, ஆஸ்பத்திரி வரை கொண்டு போகச் சொன்னேன். வழி நெடுக அந்தக் கையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

3. எங்கே எழுதியிருக்கு

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. லீலாம்மா டாக்டர் என்போம். சத்தம் போட மாட்டார். அது இன்னும் கஷ்டம்.

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரைக் கேட்டார். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ கொண்டு போயிருந்தேன்.

"யாராணு பழனிச்சாமி இது கெட்டினது?"

"நான்தானுங்க டாக்டர்."

"'சிறு காயம்'னு எழுதியிட்டுண்டு. எதுனால காயம்? முள்ளா, கத்தியா, கண்ணாடியா?"

"பூனை கடிச்சதுங்க."

"அது எங்கே எழுதியிருக்கு?"

"எழுதலீங்க டாக்டர்."

"சோப்புப் போட்டுக் கழுவினியா?"

"ஸ்பிரிட்ல துடைச்சேனுங்க."

அவர் மேசையில் இருந்த ஊசி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பூனையை அவர் மலையாளத்தில் பூச்ச என்பார். "பூச்சயோட பல்லு இது மாதிரி. வெளியில சின்னத் துளை, உள்ளே ஆழம். அதோட வாயில உள்ள கிருமி எல்லாம் நேரே மூட்டுக்குள்ளே போயி இறங்கும். பல்லை எடுத்ததும் தோல் மூடிக்கும். அதுக்கு மேலே நீ பிளாஸ்டரும் ஒட்டினா, உள்ளே உள்ளது பின்னே எவிடெப் போகும்? கடின்னு வந்தா சோப்பும் ஓடுற தண்ணியும் வச்சு பத்து நிமிஷம் கழுவணும். மூடக்கூடாது. அடுத்த நாள் மறுபடி பார்க்கணும். கையில கடின்னா கண்டிப்பா பார்க்கணும்."

மயக்க மருந்து கொடுத்து விரலின் இரண்டு பக்கமும் கீறிச் சீழை எடுத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "நோக்கு" என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். மூட்டுக்குள் வரை போயிருந்தது.

பென்சிலின் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்று ஆரம்பித்தார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும், அதற்கு மேல் போயிருந்தால் கையையே சொல்ல முடியாது என்றார்.

கை கழுவிக்கொண்டே அடுத்த கேள்வி கேட்டார். "பூச்ச எவிடெ?"

"வீட்லதானுங்க இருக்குது. குட்டி போட்டிருக்குதுங்க."

"குட்டியைத் தொட்டதுக்குக் கடிச்சிருக்கு. அது பூச்சக்கு இயல்புதான். ஆனாலும் பேய் பிடிச்ச, அதாவது வெறிநோய் வந்த பூச்ச இல்லன்னு நமக்கு உறப்பா தெரியணும். கடிச்ச நாள்லருந்து பத்து நாள் அது நல்லா சாப்பிட்டு நடந்துக்கிட்டு இருந்தா பயமில்லை. அடுத்த வியாழன் வரைக்கும் தினம் நீ போயி பார்க்கணும். அதுக்குள்ளே பூச்ச செத்தாலும் காணாமல் போனாலும் எனக்கு உடனே விவரம் வேணும். வயிற்றில ஊசி ஆரம்பிக்கணும்."

நாய்க்கடி, பூனைக்கடிக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. வலி மட்டும் இல்லை. அபூர்வமாகச் சிலருக்கு அந்த மருந்தாலேயே கைகால் விளங்காமல் போனதும் உண்டு. அதனால் தேவை என்று தெரியாமல் டாக்டர்கள் அதைத் தொட யோசிப்பார்கள். தேவை என்று தெரிந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ள மாட்டார்கள், ஏனென்றால் அந்த நோய் வந்துவிட்டால் பிழைப்பு இல்லை.

4. பூனை பார்க்கப் போனவன்

வெள்ளிக்கிழமை காலை இசக்கியம்மாளின் வீட்டுக்குப் போனேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். ஒரே கூரை, ஒட்டி ஒட்டி வாசல். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

அடுப்படியில் விறகுக்குப் பின்னால் பூனை படுத்திருந்தது. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு, இடது காது கிழிந்திருந்தது. மூன்று குட்டிகள். கோமதி வைத்த சோற்றைத் தின்றது, என்னைப் பார்த்துச் சீறியது. நல்லது என்று திரும்பினேன். சனிக்கிழமையும் போனேன். வாசலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"ஏனுங்க டெரசரு இப்ப பூனைக்கும் வைத்தியம் பாக்குதாரு போல."

நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஏன் வருகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பேய் பிடித்த பூனை என்று பேச்சுக் கிளம்பினால் லயமே கலங்கும், யாராவது அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்தேன். அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் என் தப்பை நாலு பேர் முன்னால் விளக்க எனக்கு மனம் வரவில்லை. இசக்கியம்மாளின் கணவர் சுடலைமுத்துவிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைக் கழித்துவிடும் வேலை. அதிகம் பேச மாட்டார். நான் போகும்போது அவர் மலைமேல் வேலையில் இருந்தார், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். விறகுக்குப் பின்னால் குட்டிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பூனை இல்லை.

இரை தேடப் போயிருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆயிற்று. கோமதி ராத்திரியிலிருந்தே காணவில்லை என்றார். பாலூட்டுகிற பூனை குட்டியை விட்டுவிட்டு அத்தனை நேரம் போகாது என்று எனக்கும் தெரியும். சுடலைமுத்து அன்று வீட்டில் இருந்தார்.

"அண்ணாச்சி, பூனை எங்கீங்க?"

"தெரியலய்யா. எங்கயாச்சும் போயிருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

லயத்தின் பின்பக்கம், ஓடை, மாட்டுக்கொட்டகை எல்லாம் தேடினேன். நோய் வந்த பூனை ஒதுங்கிப் போய்ச் செத்துக் கிடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். புதரை விலக்கும்போதெல்லாம் அதைத்தான் எதிர்பார்த்தேன். சாயங்காலம் ஆபீஸ் போனில் டாக்டருக்குச் சொன்னேன்.

"சரி. நாளை காலையில தொடங்கலாம்" என்றார்.

5. தொப்புளைச் சுற்றி

கம்பவுண்டர் லீவு முடிந்து வந்துவிட்டதால், திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இசக்கியம்மாளுக்குக் காய்ச்சல் தணிந்திருந்தது, சிவப்புக் கோடும் மங்கியிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆளிடம் வயிற்றில் பதினான்கு ஊசி என்று டாக்டர் சொன்னார். இந்தத் தடவை காரணத்தையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்க வீட்டுப் பூனைக்கா பேய் பிடிச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முதல் ஊசியைச் சத்தம் இல்லாமல் தாங்கினார். செவ்வாய்க்கிழமை இரண்டாவது. முந்தின நாள் போட்ட இடம் தடித்துச் சிவந்து போயிருந்தது. அதன் பக்கத்தில் ஊசி இறங்கும்போது கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு "எம்மா" என்றார். சுடலைமுத்து கதவருகே நின்றிருந்தார். அப்படியே வராந்தாவுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

"இன்னும் எத்தன ஊசிய்யா?"

"பன்னெண்டுங்க அண்ணாச்சி."

"பூனை இருந்தா?"

"பூனை நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சா வேண்டியதில்லீங்க. வியாழக்கிழமை வரைக்கும் அது நல்லா இருந்தாப் போதும். அதைப் பார்க்கத்தானுங்க நான் தினம் வந்தேன்."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"அய்யா, அதை நாந்தான் கொண்டு போயி விட்டேன். சனிக்கிழமை பொழுது சாய, சாக்குல போட்டுக் கட்டிக் கொழுந்து லாரியில ஏத்திவிட்டேன். பாக்டரி வாசல்ல அவுத்துவிடச் சொன்னேன்."

"எதுக்குங்க?"

"இவ இங்க கெடந்து கத்துதா. அது அங்க அடுப்படியில சொகமா கெடக்கு. பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சிது. கொல்ல மனசு வரல, வளத்ததுல்லா. அதான் கண்ணுக்கு மறைவா விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கிழமை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"நீங்க ஏன் தேடுதியன்னு சொல்லலயே. கம்பெனி லாரியில பூனைய ஏத்தினதுக்குத்தான் விசாரிக்கியன்னு நெனச்சேன்."

அவரிடம் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அவர் பூனையைக் கட்டிப்போட்டுச் சோறு போட்டிருப்பார். மனைவியிடம் வலித்தால் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டேன். கணவரிடம் எதற்காகப் பார்க்கிறேன் என்று சொல்லாமல் விட்டேன். இரண்டுக்கும் அந்த அம்மாள்தான் படுத்துக் கிடந்தார்.

டாக்டரிடம் போய் இரண்டு பேரும் சொன்னோம். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. சுடலைமுத்துவை ஒன்றும் சொல்லவில்லை.

"கிட்டுமோ இல்லையோ, ஊசி நிக்காது. கிட்டினா, அதே பூச்சதான்னு நிச்சயமா தெரிஞ்சா, பத்து நாள் முழுசா கழிஞ்ச பின்னே யோசிக்கலாம். போயி தேடுங்கோ."

6. தொழிற்சாலையின் மேல்மாடி

தொழிற்சாலை எங்கள் எஸ்டேட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில். செவ்வாய் மத்தியானமே இரண்டு பேரும் போனோம். வாட்ச்மேன் பூனைகள் நிறைய உண்டு என்றார். எலிக்காக அவர்களே விட்டு வைத்திருந்தார்கள். இருட்டும் வரை விறகு அடுக்கு, பெட்டி அறை, லாரி நிற்கும் இடம் எல்லாம் பார்த்தோம். கறுப்புத் திட்டு, கிழிந்த காது கண்ணில் படவில்லை.

புதன்கிழமை காலை மூன்றாவது ஊசி. அன்றைக்குக் கோமதி ஒரு யோசனை சொன்னார். குட்டிகளுக்கு அவர்தான் நான் கொடுத்த மருந்துச் சொட்டுக் குழாயில் ஆட்டுப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றில் ஒன்று அதற்குள் செத்துப் போயிருந்தது.

"குட்டியத் தூக்கிட்டுப் போங்க. இதுக சத்தத்துக்கு எங்கிருந்தாலும் வரும்."

இரண்டு குட்டிகளையும் கொழுந்துக் கூடையில் சாக்கு விரித்து வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனோம். பசியில் அவை விடாமல் கத்தின. ஒவ்வொரு இடமாகக் கூடையை வைத்துவிட்டு எட்டி நின்றோம். கீழே எந்திரச் சத்தத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கொழுந்தைப் பரப்பி வாட வைக்கிற மேல்மாடிக்குப் போனோம். அங்கே இதமான சூடு இருக்கும். கூடையை ஒரு மூலையில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் தட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது.

வெளியே வந்தது. இடது காது கிழிந்த அதே பூனை. மெலிந்திருந்தது, ஆனால் நேராக நடந்தது, கூடைக்குள் தாவிக் குட்டிகளை நக்கியது. சுடலைமுத்து அதைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"கையை எடுங்கண்ணாச்சி" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். வேறொரு கூடையை மெதுவாகக் கவிழ்த்து மூடி, சாக்கோடு சேர்த்துக் கட்டினோம். கருவாட்டுத் துண்டு ஒன்றை இடுக்கு வழியாகப் போட்டேன். தின்றது. தண்ணீர் வைத்தேன். குடித்தது. பேய் பிடித்த விலங்குக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பூனை தண்ணீர் குடிப்பதை அவ்வளவு நேரம் நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

கூடையோடு ஆஸ்பத்திரிக்கே போனோம். டாக்டர் வராந்தாவில் வைத்துப் பார்த்தார். வார்டு ஜன்னல் வழியாக இசக்கியம்மாளிடம் காட்டி, "இதுதானா?" என்றார்.

"அதேதான். ஏ மூதி, நீ எங்க போயித் தொலைஞ்ச?" என்றார் இசக்கியம்மாள். சுடலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் செய்ததை மனைவியிடம் எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை நாலாவது ஊசி. அன்றைக்குப் பத்து நாள் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பூனை சோறு தின்று, பாலூட்டி, கூடையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஊசி நிறுத்தியாயிற்று என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதினார்.

7. விரல்

விரல் தங்கியது. ஆனால் நடு மூட்டு மடங்கவே இல்லை. குச்சி மாதிரி நின்றுவிட்டது. கொழுந்து கிள்ளுவதற்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து அவர் வேலைக்கு வந்த அன்று நானும் பிரட்டுக்குப் போனேன். கொஞ்ச நாளைக்கு இலகுவான வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு என் கையில் இருந்தது. கங்காணி படித்துவிட்டு நாற்றங்காலுக்கு அனுப்பினார்.

போகிற வழியில் அவரோடு நடந்தேன்.

"தப்பு எம்மேலதானுங்கக்கா. கழுவாம, மூடிக் கட்டி, பிரிக்க வேண்டாம்னு வேற சொல்லிட்டேன்."

அவர் நின்றார். விரலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"டாக்டரம்மா சொன்னாவ" என்றார். "உங்க மேல எனக்குக் கோவம் இருந்திச்சு தம்பி. இப்பவும் கொஞ்சம் இருக்கு. இனிமே யாருக்குக் கட்டுப் போட்டாலும், வலிச்சா அவுத்துருங்கன்னு ஒரு வார்த்த சொல்லி விடுங்க. எங்களுக்குத் தெரியாதுல்லா."

அடுத்த வருடம் அவர் பெருவிரலும் நடுவிரலும் வைத்துக் கொழுந்து எடுக்கப் பழகிக்கொண்டார். பழைய வேகம் வரவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து நிரையை முடிப்பார், முன்னால் போய் நிற்க மாட்டார்.

நான் அன்றிலிருந்து மூன்று காரியம் விடாமல் செய்தேன். ரெஜிஸ்டரில் எது கடித்தது, யாருடைய விலங்கு, எப்போது என்று எழுதினேன். கடி எவ்வளவு சின்னதானாலும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன், மூடாமல் விட்டேன். அனுப்பும்போது, வலி கூடினாலோ வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ நான் சொன்ன நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிஷமே வாருங்கள் என்று சொன்னேன். அவர்கள் திருப்பிச் சொல்லும் வரை விட மாட்டேன்.

8. கஞ்சிக்கோட்டில்

எழுபதுகளின் கடைசியில் ஊர்ப் பக்கமே வந்துவிட்டேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை. ஒரு நாள் காலை ஃபோர்மேன் வந்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், பெரிய உருவம். கட்டைவிரலைக் காட்டினார். தோலில் இரண்டு கீறல், ஒரு துளை.

"கொஞ்சம் மருந்து வச்சு உடு பழனிச்சாமி. கிரீஸ் பட்டா எரியுது."

"என்னாச்சுங்கண்ணா?"

"ஊட்ல நாய்க்குட்டி. பிஸ்கட் குடுக்கறப்ப பல்லு பட்டிருச்சு. வெளையாட்டுக்குத்தான்."

"எத்தன மாசக் குட்டிங்க? ஊசி போட்டிருக்குதுங்களா? வெளிய சுத்துமுங்களா? எப்பக் கடிச்சதுங்க?"

"ஏனப்பா, இத்தனூண்டு கடிக்கு இத்தன கேள்வியா?"

"பைப்புல கையைக் காட்டுங்கண்ணா. சோப்பு இந்தாங்க. பத்து நிமிசம்."

"அங்க மிசின் நிக்குது."

"நிக்கட்டுங்கண்ணா."

அவருக்குக் கோபம். ஆனாலும் கழுவினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூடாமல் மருந்து வைத்தேன், டி.டி. போட்டேன், கம்பெனி டாக்டருக்குச் சீட்டு எழுதினேன், மறுநாள் மறுபடி வர வைத்தேன். வீட்டில் நாய்க்குட்டியைக் கட்டிப்போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். மெஷின் ஷாப்பில் என்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார் என்று கேள்விப்பட்டேன்.

பத்தாவது நாள் கேன்டீனில் பிடித்தேன்.

"நாய்க்குட்டி எப்படிங்கண்ணா இருக்குது?"

"எஞ்செருப்பத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்குது. உன்னால எனக்குத்தான் சோலி கெட்டுது" என்றார். கட்டைவிரலை மடக்கி நிமிர்த்திக் காட்டினார். "பாரு, ஒன்னுமே ஆகலியேப்பா."

"ஆகலீங்கண்ணா" என்றேன்.

அறைக்குத் திரும்பி, ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே "நாய் நலம், விரல் நன்றாக மடங்குகிறது" என்று எழுதிவிட்டு, பெஞ்சில் காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.